யார் செலவில் மனச்சாட்சி?

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எங்கள் துறையில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். அடியேன் ஆளுங்கட்சி எம்.பி. (சிரிக்காதீர்கள். வேட்டி மாமாவுடையது, துண்டு நண்பனுடையது.) அன்றைக்கு விவாதத்துக்கு வந்தது தூக்குத் தண்டனையை ஒழிக்கும் மசோதா. 2015ல் டி. ராஜா மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் தீர்மானத்தைப் பார்த்து எங்கள் பேராசிரியர் எழுதித் தந்தது. எங்கள் கொறடா, அதாவது வகுப்புத் தலைவி, முந்தின நாளே சொல்லிவிட்டாள்: "எல்லாரும் எதிர்த்துதான் ஓட்டுப் போடணும். யாராவது மாத்திப் போட்டீங்க, டீம் மார்க் போயிரும்."

போட்டேன். எதிர்த்துத்தான் போட்டேன். மசோதா 7 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. எங்கள் அணிக்கு முதல் பரிசு. ஆளுக்கு ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். அவன் சாமி கும்பிடாதவன். "ஏன்டா, வாரா வாரம் பூசைக்குப் போறியே, அங்க பீடத்துக்கு மேல தொங்குறாரே, அவருக்கு என்ன தண்டனை குடுத்தாங்க?"

டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நான் கத்தோலிக்கன். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் என்று எல்லாவற்றையும் வரிசையாக வாங்கியவன். 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலையே திருத்தினார். அந்தப் பாடத்தை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் ஓட்டுப் போடுகிற நேரத்தில் அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை. இதில் இன்னொரு கேவலம், என் ஒரு ஓட்டு மாறியிருந்தாலும் மசோதா தோற்றுத்தான் இருக்கும். ஒரு காசு செலவில்லாத இடத்தில்கூட நான் மனச்சாட்சியை எடுத்து வைக்கவில்லை.

டிபன் பாக்ஸுக்கே இப்படி என்றால், உண்மையான பதவி, உண்மையான தேர்தல், உண்மையான கட்சி என்று இருக்கும் கத்தோலிக்க உறுப்பினர்கள் என்ன செய்கிறார்கள்? அன்றிலிருந்து இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இதைப் பார்க்க நல்ல இடம் அமெரிக்கா. காரணம் எளிது. நம் ஊரில் 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டால் தலைவர்கள் முறைப்பார்கள், அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சிக்காரனே எதிர்த்து நிற்பான். ஆனால் பதவி போகாது. அதனால் ஒரு உறுப்பினரின் மனச்சாட்சி வேலை செய்கிறதா தூங்குகிறதா என்பதை ஓட்டுப் பதிவேட்டிலேயே பார்த்துவிடலாம். 2025 ஜனவரியில் கூடிய அமெரிக்க நாடாளுமன்றத்தில் சுமார் 150 பேர் கத்தோலிக்கர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். இரண்டு கட்சியிலும் தாராளமாக இருக்கிறார்கள்.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1928ல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதி தேர்தலில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளராக நின்றார். போப்பாண்டவர் ரோமிலிருந்து வாஷிங்டனை ஆளப்போகிறார் என்று பிரசாரம் நடந்தது. ஸ்மித் தோற்றார். 32 வருடம் கழித்து, 1960 செப்டம்பர் 12 அன்று, செனட்டராக இருந்த ஜான் கென்னடி ஹூஸ்டன் நகரத்தில் புராட்டஸ்டண்டு போதகர்கள் கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். அரசும் திருச்சபையும் முழுக்க முழுக்கத் தனித்தனியாக இருக்க வேண்டும், தன் பொதுக் கடமையில் திருச்சபை சொல்வதைத் தான் பேசுவதில்லை, தனக்காகத் திருச்சபை பேசுவதுமில்லை என்று சொன்னார்.

இந்தப் பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே உரையில் இன்னொரு பாதி இருக்கிறது. தன் மனச்சாட்சியை மீறினால்தான் பதவியில் இருக்க முடியும், அல்லது நாட்டு நலனை மீறினால்தான் மனச்சாட்சியைக் காக்க முடியும் என்று ஒரு நிலை வந்தால் பதவியை விட்டு விலகுவேன் என்றார். அதாவது, "மோதல் வந்தால் அதற்கான விலையை நான் கொடுப்பேன், நீங்கள் கொடுக்க வேண்டாம்" என்று அர்த்தம். எனக்கு முதல் பாதியைவிட இந்த இரண்டாம் பாதிதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

கென்னடிக்குப் பிறகு கேள்வி கடினமாகிவிட்டது. 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. (அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தது.) திருச்சபை அதைக் கொடிய பாவம் என்கிறது. கத்தோலிக்க உறுப்பினர் என்ன செய்வார்? கருக்கலைப்பு சரியா தவறா என்ற விவாதத்தை இங்கே நடத்தப் போவதில்லை. ஓட்டுப் போடுகிறவருடைய நிலைமையை மட்டும் பார்ப்போம்.

நியூயார்க் ஆளுநர் மரியோ க்வோமோ 1984 செப்டம்பரில் நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு நீண்ட பதில் சொன்னார். அவர் வாதத்தின் சாரம் இது: திருச்சபையின் போதனையை நான் என் வாழ்க்கையில் ஏற்கிறேன். ஆனால் சட்டம் என்பது எல்லா மதத்தாருக்கும் மதமே இல்லாதவருக்கும் சேர்த்துப் போடுவது. பரவலான ஒத்த கருத்து இல்லாத இடத்தில் என் நம்பிக்கையைச் சட்டமாக்கினால் அது நிலைக்காது, பலனும் தராது. இன்றுவரை இதுபோன்ற நிலை எடுக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிகள் இந்த உரையின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

படித்தபோது, "தப்பிக்க நல்ல வழி" என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அதே க்வோமோவைப் பற்றி வேறொரு விஷயம் தெரிய வந்தது. நியூயார்க் சட்டமன்றம் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வருடா வருடம் மசோதா நிறைவேற்றியது. மக்களில் பெரும்பாலோர் அதன் பக்கம். ஆளுநராக இருந்த 12 வருடமும் க்வோமோ கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அவருடைய எதிராளிகள் அதை ஒவ்வொரு தேர்தலிலும் அவர் தலையில் போட்டு உடைத்தார்கள். 1994ல் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று. அவரை வென்ற ஜார்ஜ் பட்டாக்கி 1995ல் மரண தண்டனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பட்டாக்கியும் கத்தோலிக்கரே! 2004ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்தில் அதன்படி யாரும் கொல்லப்படவில்லை.

சரி, கருக்கலைப்பில் ஒத்த கருத்து இல்லை என்று ஒதுங்கியவர், மரண தண்டனையில் ஊரே எதிர்த்து நின்றபோதும் தன் கொள்கையில் நின்றது எப்படி? முரண்பாடுதானே? முரண்பாடுதான். ஆனால் இந்த முரண்பாட்டில்தான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ஒருவருடைய நம்பிக்கை அவர் வேலையை உண்மையிலேயே வடிவமைக்கிறதா என்று தெரிய வேண்டுமா? அவர் கட்சிக்கும் வசதிக்கும் ஒத்துப்போகிற இடத்தைப் பார்க்காதே. ஒத்துப்போகாத இடத்தைப் பார். அங்கே அவர் நின்றாரா?

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் நிறையப் பேர் தேறுவதில்லை. என் டிபன் பாக்ஸ் கதையை மறக்கவில்லை, அதனால் ஏளனமாகச் சொல்லவில்லை. குடியரசுக் கட்சிக்காரர் கருக்கலைப்பு என்றால் ஆயர்களின் கடிதத்தைத் தூக்கிப் பிடிப்பார். அதே ஆயர்கள் அகதிகளைப் பற்றிக் கடிதம் எழுதினால், "இது அரசியல், ஆயர்களுக்கு எதற்கு" என்பார். ஜனநாயகக் கட்சிக்காரர் அப்படியே தலைகீழ். திருச்சபையின் போதனை ஒன்றுதான். இரண்டு கட்சியும் சாப்பாட்டு மேசையில் தனக்குப் பிடித்த பதார்த்தத்தை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

ஒரு உதாரணம். 2012ல் பிரதிநிதிகள் சபையின் பட்ஜெட் குழுத் தலைவர் பால் ரையன், ஏழைகளுக்கான உணவு உதவி, மருத்துவ உதவி ஆகியவற்றைக் குறைக்கும் பட்ஜெட் திட்டத்தைக் கொண்டுவந்தார். தன் கத்தோலிக்க நம்பிக்கைதான் அதற்கு வழிகாட்டி என்றார். குடும்பமும் ஊரும் கோயிலும் செய்யக்கூடியதை மத்திய அரசு பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்ற திருச்சபைக் கொள்கை ஒன்று உண்டு. அதைத்தான் அவர் சொன்னார். கொள்கை உண்மைதான். ஆனால் இயேசு சபையினர் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு அவர் பேச வந்தபோது ஏறக்குறைய 90 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் ஒரு கடிதம் எழுதினார்கள். ஏழைகளை முதலில் பார் என்ற இன்னொரு கொள்கையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதுதான் அதன் சாரம். ரையனின் நம்பிக்கை போலி என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர் கட்சியின் பொருளாதாரத்தோடு ஒரு இடத்திலும் உரசாமல் பொருந்தியது என்று மட்டும் சொல்வேன்.

உரசிய ஒருவரையும் பார்ப்போம். மிச்சிகன் மாநிலத்தின் பார்ட் ஸ்டூபாக், ஜனநாயகக் கட்சி, கருக்கலைப்பை எதிர்ப்பவர். 2009-10ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா வந்தபோது அரசுப் பணம் கருக்கலைப்புக்குப் போகக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 2009 நவம்பரில் அது 240க்கு 194 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சொந்தக் கட்சியில் பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள். செனட் மசோதாவில் அந்தத் திருத்தம் இல்லை. கடைசி ஓட்டெடுப்பு 2010 மார்ச் 21. அமெரிக்க ஆயர்கள் மன்றம் மசோதாவை எதிர்த்தது. கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தின் தலைவி அருட்சகோதரி கேரல் கீஹன் ஆதரித்தார். கோடிக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் கிடைக்கும் என்பது அவர் பக்கம். ஒரே திருச்சபை, ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே மசோதா. ஆயர்கள் ஒருபக்கம், கன்னியாஸ்திரீகளில் பலர் மறுபக்கம்!

ஸ்டூபாக் ஒபாமாவிடமிருந்து ஒரு நிர்வாக ஆணையை வாங்கிக்கொண்டு மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 219க்கு 212 என்று நிறைவேறியது. அவர் அவையில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கட்சி வரிசையிலிருந்து "குழந்தைக் கொலை" என்ற கூச்சல் வந்தது. நேற்றுவரை அவரைத் தியாகி என்றவர்கள் இன்று துரோகி என்றார்கள். நேற்று துரோகி என்றவர்கள் மன்னிக்கவும் இல்லை. மூன்று வாரத்துக்குள் இனி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

அவர் முடிவு சரியா? 1995ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தன் சுற்றுமடல் ஒன்றில், ஒரு தீய சட்டத்தை முழுக்க ஒழிக்க முடியாதபோது அதன் கேட்டைக் குறைக்கிற ஒன்றுக்கு உறுப்பினர் ஓட்டுப் போடலாம் என்று எழுதியிருக்கிறார். திருச்சபையே ஒரு எம்.பி.யின் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து யோசித்தது போன்ற இடம் அது. ஆனால் எது "குறைக்கிறது" என்று யார் அளப்பது? அதை அந்த உறுப்பினர்தான், அந்த ராத்திரியில், அரைகுறைத் தகவலோடு அளக்க வேண்டும். சரியோ தவறோ, ஸ்டூபாக் அளந்தார். அதற்கான விலையை அவரே கட்டினார்.

இன்னொருவர் ராபர்ட் ட்ரைனன். இவர் இயேசு சபைக் குரு. கழுத்துப்பட்டை போட்ட சாமியாரே எம்.பி.! வியட்நாம் போரை எதிர்த்து 1970ல் மாசசூசெட்ஸில் ஜெயித்தார். 1973 ஜூலையில் நிக்சனைப் பதவி நீக்கம் செய்யும் தீர்மானத்தை முதலில் கொண்டுவந்தவர் இவர்தான். வாட்டர்கேட்டுக்காக அல்ல, கம்போடியாவில் ரகசியமாகக் குண்டு போட்டதற்காக. கருக்கலைப்பு விஷயத்தில் இவர் போட்ட ஓட்டுகள் திருச்சபைக்குப் பிடிக்கவில்லை. 1980ல் ரோமிலிருந்து உத்தரவு வந்தது: குருக்கள் தேர்தல் பதவியில் இருக்கக் கூடாது. ஐந்து முறை ஜெயித்தவர், ஆறாவது முறையும் ஜெயித்திருக்கக்கூடியவர், வேட்பாளர் பட்டியலிலிருந்து விலகினார். ஓட்டு விஷயத்தில் கீழ்ப்படியாதவர், தன் நாற்காலி விஷயத்தில் கீழ்ப்படிந்தார்! இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இவர் கீழ்ப்படிதலுக்கும் விலை கொடுத்தவர் இவரேதான்.

இப்போது நற்கருணை விவகாரத்துக்கு வருவோம்.

சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாட்டி நன்மை வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் பாட்டி என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேச்சுவார்த்தை இல்லடா. பேசிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றார். இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் எழுந்து போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தன்னைத் தானே தடுத்துக்கொண்டார். திருச்சபைச் சட்டத்தில் 916ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: பெரும் பாவத்தோடு இருப்பதாக உணர்பவர் நற்கருணை வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய 915ஆவது விதி வேறு மாதிரி: வெளிப்படையான பெரும் பாவத்தில் பிடிவாதமாக இருப்பவருக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது. முதலாவதில் முடிவு வாங்குகிறவர் கையில். இரண்டாவதில் கொடுக்கிறவர் கையில்.

அமெரிக்க அரசியலில் சண்டை முழுக்க இந்த 915ஐச் சுற்றித்தான். 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர் கார்டிலியோனி, அப்போது சபாநாயகராக இருந்த நான்சி பெலோசிக்குத் தன் மறைமாவட்டத்தில் நற்கருணை இல்லை என்று அறிவித்தார். கருக்கலைப்பு உரிமையை அவர் ஆதரித்ததே காரணம். அடுத்த மாதமே பெலோசி ரோமில், திருத்தந்தை தலைமையில் நடந்த பூசையில் நற்கருணை வாங்கினார். ஒரே திருச்சபைதான், ஊருக்கு ஊர் வாசல் வேறு.

2025ல் நடந்தது இன்னும் சிக்கல். இல்லினாய் மாநில செனட்டர் டிக் டர்பின். புலம்பெயர்ந்து வந்த இளைஞர்களுக்காக 2001லிருந்தே மசோதா கொண்டுவந்தவர். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். அதனால் சொந்த மறைமாவட்டமான ஸ்ப்ரிங்ஃபீல்டில் 2004லிருந்தே அவருக்கு நற்கருணை இல்லை. அதே மாநிலத்தில் சிகாகோ பேராயர் கர்தினால் சூபிச், புலம்பெயர்ந்தோருக்காக அவர் செய்த வேலைக்கு ஒரு விருது தருவதாக அறிவித்தார். பல ஆயர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் கடைசியில் செய்தியாளர்கள் திருத்தந்தை பதினான்காம் லியோவிடம் கேட்டார்கள். அவர் சிகாகோக்காரர். ஒரு செனட்டரின் முழு வேலையையும் பார்க்க வேண்டும் என்றார். கருக்கலைப்பை எதிர்த்துவிட்டு மரண தண்டனையை ஆதரிப்பவரும், புலம்பெயர்ந்தோரை மனிதத் தன்மையின்றி நடத்துவதை ஒப்புக்கொள்பவரும் உண்மையில் உயிரின் பக்கம் நிற்கிறார்களா என்ற பொருளில் பேசினார். அதே நாளில், டர்பின் விருதை வாங்கப் போவதில்லை என்ற செய்தியும் வந்தது.

மரண தண்டனை பற்றி அவர் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் விலையைத் தாங்களே கொடுத்தவர்கள், அல்லது கொடுக்காமல் நழுவியவர்கள். இனி சொல்லப்போவது வேறு வகை. நம்பிக்கைக்காக உறுதியாக நிற்கிறார்கள், ஆனால் பில்லை வேறு யாரோ கட்டுகிறார்கள். அதற்கு அமெரிக்காவை விட்டு அயர்லாந்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் அங்கே அன்று கிட்டத்தட்ட எல்லா உறுப்பினர்களுமே கத்தோலிக்கர்கள். சிறுபான்மையாக இருக்கும்போது நம்பிக்கை நடந்துகொள்கிற விதம் ஒன்று. பெரும்பான்மையாகிவிட்டால் வேறு.

நோயல் பிரவுன் என்ற இளம் டாக்டர் 1948ல் அயர்லாந்தின் சுகாதார மந்திரி ஆனார். தாய் தகப்பனையும் உடன்பிறந்தவர்கள் சிலரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்மார்களுக்கும் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் இலவச வைத்தியம், வருமானம் என்ன என்று கேட்காமல், என்று ஒரு திட்டம் போட்டார். டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, வருமானம் போய்விடும் என்று. ஆயர்களும் எதிர்த்தார்கள். பிள்ளைகளின் உடல்நலம் பெற்றோரின் பொறுப்பு, அரசு அதில் நுழைவது குடும்பத்தின் உரிமையைப் பறிப்பது, தாய்மைக் கல்வி என்ற பெயரில் திருச்சபைக்கு ஒவ்வாதது நுழைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். பிரதமர் காஸ்டெல்லோ திட்டத்தைக் கைவிட்டார். பிரவுன் 1951 ஏப்ரலில் பதவி விலகி, ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். காஸ்டெல்லோ மன்றத்தில் எழுந்து, தான் ஒரு கத்தோலிக்கன், திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிகிறவன், இனியும் கீழ்ப்படிவேன் என்று கூசாமல் சொன்னார்.

காஸ்டெல்லோ பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார். அவருடைய அரசும் சில வாரங்களில் தேர்தலில் போய்விட்டது. ஆனால் முதல் பில் யாருக்குப் போனது? பிரசவத்துக்கு டாக்டரைப் பார்க்கக் காசில்லாத அம்மாவுக்கு. 1953ல் அடுத்த அரசு ஒரு சுருக்கப்பட்ட திட்டத்தைக் கொண்டுவரும்வரை அவள் காத்திருந்தாள். அவளும் கத்தோலிக்கச்சிதான். அவளுடைய மனச்சாட்சியை யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் கென்னடி உரையின் இரண்டாம் பாதி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. நம்பிக்கை உள்ள ஒருவர் சட்டமன்றத்துக்குள் நுழையும்போது நம்பிக்கையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல முடியாது. நாத்திகரும் தன் கொள்கையோடுதான் நுழைகிறார். நம் ஊரில் பதவியேற்கும்போது "கடவுள் அறிய" என்றும் சொல்லலாம், "உளமார" என்றும் சொல்லலாம். இரண்டுமே உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. உன் நம்பிக்கை உன் கட்சியை மீறி ஒருமுறையாவது உன்னை இழுத்திருக்கிறதா? இழுத்தபோது விலை கொடுத்தது நீயா, இன்னொருவரா?

இரண்டாயிரமாவது ஆண்டில் இரண்டாம் யோவான் பவுல், அரசியல்வாதிகளின் பாதுகாவலராகப் புனித தாமஸ் மூரை அறிவித்தார். மூர் 1523ல் இங்கிலாந்து மக்களவையின் சபாநாயகர். பிறகு நாட்டின் தலைமை அமைச்சர். அரசன் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்று உறுதிமொழி எடுக்க மறுத்து 1535ல் தலை வெட்டப்பட்டவர். இதைவிடப் பெரிய விலை கிடையாது. மறைக்கல்வி வகுப்பில் இதுவரைதான் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் இதுவரைதான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லாத பாதியும் உண்டு. அவர் பதவியில் இருந்த காலத்தில், திருச்சபைக்கு மாறான கொள்கை வைத்திருந்த சிலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள், அவர் சம்மதத்தோடு. மற்றவன் கழுத்திலும் தன் கழுத்திலும், இரண்டு இடத்திலும் ஒரே நம்பிக்கைதான் வேலை செய்தது. எங்கள் பாதுகாவலரிடமே இந்த இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது எனக்கு ஒரு எச்சரிக்கையாகப் படுகிறது.

போன மாதம் மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாவது கட்டளை நடத்தினேன். கொலை செய்யாதே. பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்தான். "அண்ணா, நீங்க எம்.பி. ஆனா தூக்குத் தண்டனைய எடுத்துருவீங்களா?"

"எடுத்துருவேன்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். பையிலிருந்த டிபன் பாக்ஸை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து, அது எப்படிக் கிடைத்தது என்ற கதையைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ யாருண்ணா உங்கள மாத்தி ஓட்டுப் போடச் சொன்னது?" என்றான்.

"யாரும் சொல்லலடா. கொறடா சொன்னா, சரின்னு போட்டேன். அவ்வளவுதான்."

அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. நியாயம்தான்.

நண்பர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி. உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த முறை பார்த்தால் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்காதீர்கள். உங்கள் மனச்சாட்சிக்காக இதுவரை என்ன இழந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒருமுறை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் பதில்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு டிபன் பாக்ஸ் லாபம்.